வெயிலில் பார்த்த காணி

வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி ஃபிளாட்டில். ஒரு மிளகாய்க் கன்று நட்டாலும் தொட்டியில்தான். ஓய்வு பெற்றதும் யாழ்ப்பாணப் பக்கம் முற்றத்தோடு ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும் என்பது என் கணவருக்கும் எனக்கும் நெடுநாள் ஆசை.

கொழும்பில் இருக்கும் எல்லோரையும் போல நாங்களும் ஓகஸ்ட் லீவில்தான் காணி பார்க்கப் போனோம். தரகர் காட்டியது ஒரு தரிசு வயல். வெயிலில் வெடித்துக் கிடந்தது. "பயப்பிடாதேங்கோ அண்ணை, சட்டம் மாறப்போகுது. இனி வயலிலயும் வீடு கட்ட விடுவினம்" என்றார். கிணறு எங்கே, குசினி எங்கே என்று நான் அங்கேயே நின்று தீர்மானித்துவிட்டேன்.

கார்த்திகையில் காணியை வாங்க உறுதி எழுதப் போனபோது அடைமழை. வழியில் காணியை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டேன். முழங்காலளவு தண்ணீர். நான் குசினி நினைத்த இடத்தில் ஒரு கொக்கு நின்றது. பக்கத்து வீட்டு அம்மா குடையோடு வந்தார்.

"ஊர் வெள்ளம் முழுக்க இதுக்குள்ளதான் வந்து நிக்கிறது, பிள்ளை. நீங்கள் மண் போட்டு நிரப்பினா எங்கட வீட்டுக்குள்ள வரும்."

உறுதி எழுதாமலே திரும்பினோம்.

இப்போதெல்லாம் மாரியில் மட்டுமே காணி பார்க்கிறோம். போன மார்கழியில் கொட்டும் மழையில் ஒரு மேட்டுக்காணியில் நின்றோம். கால் புதையவில்லை. ஆனால் அது சின்னக் காணி; வீடு கட்ட அளவு காணாதாம், பிரதேச சபை அனுமதி தராதாம். மாற வேண்டிய சட்டம் இதுதான்.

வெள்ளவத்தையில் மழை பெய்யும்போதெல்லாம் என் கணவர் ஜன்னலடியில் நின்று கேட்பார்.

"அந்த மேட்டுக்காணியில இப்பவும் தண்ணி நிக்காது, என்ன?"

"நிக்காது" என்பேன்.