‘இல்லை’ என்று சொல்ல ஓர் ஆள்

எலியாஸ் சார் இறந்துபோன செய்தி, டூட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது எனக்கு வந்தது. ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகும் சாலை வழக்கம்போல அடைத்துக்கொண்டு கிடந்தது. அவருடைய மகள் ரூத் எர்ணாகுளத்திலிருந்து பேசினாள். “அப்பா போயி, ஆன்ட்டி. இன்னலே அடக்கமும் கழிஞ்ஞு,” என்றாள். நேற்றே அடக்கமும் முடிந்துவிட்டதாம். யூதர்கள் இறந்தவரைக் காத்திருக்க வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித் தந்தவரும் அவர்தான். கம்பெனி பஸ்ஸில் அழுவதற்கு வசதி கிடையாது. பக்கத்திலிருந்த பிலிப்பினோப் பெண் டிஷ்யூப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். இறங்கி, கார்டைத் தட்டி, எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். வளைகுடாவில் எங்கள் துக்கமெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

இதை எங்கள் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்த தமிழர்களுக்காக எழுதுகிறேன். பழைய கட்டிடத்தில் இரண்டாம் மாடியில், ஜன்னலோரம் வரைபடங்களை விரித்துப்போட்டுக் கட்டுமானச் செலவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த நெட்டை மனிதரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மில் பலர் அவரைக் கேரளத்துக் கிறிஸ்தவர் என்றே நினைத்திருந்தோம். எலியாஸ் என்று பெயர் இருந்தால் வேறென்ன நினைப்பது? டிசம்பர் வந்தால் அவர் மேசையில் கேக் வைப்போம். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். ஏன் மறுக்கவில்லை என்று பின்னாளில் கேட்டேன். “கேக்கினோடு எனக்கு ஒரு விரோதமும் இல்லல்லோ,” என்றார். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் மட்டும் அவரை எந்த மேனேஜராலும் வேலைக்குக் கூப்பிட முடிந்ததில்லை. யூதர்களின் ஓய்வுநாள் அப்போதுதான் தொடங்கும் என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

அமீரகமும் இஸ்ரேலும் உறவு வைத்துக்கொண்ட பிறகுதான், தான் கொச்சி யூதர் என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார். கொஞ்சக் காலம் அது எல்லோருக்கும் ஒரு விசேஷமாக இருந்தது. பிறகு காஸாவில் போர் தொடங்கியது. பாண்ட்ரியில் அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்குப் போனார்கள். அவர் யாரையும் குறை சொன்னதில்லை. பிள்ளைகள் செத்த செய்தி கைபேசியில் வந்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அந்த நாட்களில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தவள் நான். பெரிய தர்மம் ஒன்றுமில்லை. போர் என்ற சொல் வந்ததும் ஊரில் எல்லோரும் ஒருவரை விட்டு எழுந்து போவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி.

அப்படி உட்கார்ந்த முதல் நாள் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “எந்தா, மலையாளியாணோ?” என்றார். யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு இப்படிக் கேட்காதவர்கள் இந்த நாட்டில் குறைவு. இல்லை என்றேன். “அப்போ ஞானும் நீயும் தமிழ் பேசலாம். எண்டெ தமிழ் மோசம், சிரிக்கப் பாடில்லா.” சிரிக்கக் கூடாது என்றதும் நான் சிரித்தேன்.

அவருடைய இன்னொரு வேலை அப்போதுதான் தெரிய வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தால்முத்திலிருந்து ஒரு வாதத்தை எடுத்து, எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார். துபாய்க்கு வேலைக்கு வந்த யூதப் பிள்ளைகள், கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், இப்படிச் சிலர் அதை வாசித்தார்கள். அவர்களுக்குப் பழைய மொழி தெரியாது. பொறுமையும் கிடையாது என்பார். ஆங்கிலத்தைத் திருத்தித் தருவது என் வேலையாயிற்று. தால்முத் என்றால் என்ன என்று கேட்டேன். யூதர்களின் பழைய சட்ட நூலாம். பக்கத்தின் நடுவில் கொஞ்சம் மூலம், சுற்றிலும் உரை. நம் மூலமும் உரையும் போலத்தான். ஒரு வித்தியாசம். இங்கே உரைகாரர்கள் ஒருவரோடொருவர் தீராத சண்டை. சண்டையில் தோற்றவருடைய பேச்சையும் அழிக்காமல் அதே பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தீர்க்க முடியாத கேள்வியை ‘நிற்கட்டும்’ என்று எழுதி அப்படியே விட்டுவிடுவார்களாம்.

அதை யாரும் தனியே படிப்பதில்லை. இருவராக உட்கார்ந்து, உரக்க வாசித்து, ஒருவரை ஒருவர் மறுத்துத்தான் படிப்பார்கள். அவருடைய கூட்டாளி டெலிபோனில் படித்து வந்த ஒரு கிழவர். கண் மங்கி, பிறகு காதும் போய், கடைசியில் போனை எடுப்பதே இல்லை. ஒரு நாள் எலியாஸ் சார் என்னிடம் கேட்டுவிட்டார். “மதி, ஆமாம் சொல்லான் எனக்கு ஆளு வேண்டா, அது நிறைய உண்டு. இல்லைன்னு சொல்லத்தான் ஒரு ஆளு வேணும்.” எனக்கு உங்கள் மதத்தில் ஒரு எழுத்தும் தெரியாதே என்றேன். “தனியே படிச்சா நம்ம மண்டத்தனம் நமக்கே புத்தியாத் தோணும். அதான் பயம்,” என்றார். யூதரல்லாதவளுக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லித்தரலாமா என்ற கேள்வியை அவரே எழுப்பி, இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்து, “அது நில்க்கட்டே,” என்று முடித்தார். அவர் ஓய்வு பெற்று மகளுடைய விசாவில் இருந்த காலம் முழுக்க, ஞாயிறு காலைகளில் ஷார்ஜாவின் ரோலாவில் ரூத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் சண்டை பிடித்தோம். ரூத் கிளினிக்கிலிருந்து வந்து, “கழிஞ்ஞோ யுத்தம்?” என்று கேட்டுக்கொண்டே பால் விடாத கட்டஞ்சாயா போடுவாள்.

ஒரு ஞாயிறு, கண்டெடுத்த பொருளைப் பற்றிய வாதம். தொலைத்தவர் ‘இனிக் கிடைக்காது’ என்று மனதில் கைவிட்டுவிட்டால் கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். கைவிட்டாரா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது? எலியாஸ் சார் டாக்ஸியில் விழுந்த கைபேசியை உதாரணமாக எழுதியிருந்தார். இத்தனை காலம் கழிந்தால் எந்த மனுஷியும் கைவிட்டிருப்பாள் என்று வாசித்துக்கொண்டே போனார்.

“ஆர் சொன்னது?” என்றேன். “அவளைக் கேட்டவையோ?”

“நியாயமா யோசிச்சா…”

“நியாயம் கிடக்கட்டும் சார். கைவிட்டிட்டன் எண்டு அவள் தன்ரை வாயாலை சொன்னவளோ?”

குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்போதுதான் சொன்னேன், எங்கள் ஊர்ப் போரின் கடைசிச் சண்டையில் என் கணவர் காணாமல் போனதை. நான் இருந்த அகதி முகாமுக்கு வந்த ஒருவன், தான் பார்க்கவில்லை, பார்த்தவன் சொன்னான், கடலோரம் விழுந்து கிடந்தாராம் என்றான். அந்த ஒரு வாய்ச்சொல்லை நான் இத்தனை வருடமும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய படம் என் அறைச் சுவரில் இருக்கிறது, மாலை இல்லாமல். நான் பொட்டு வைக்கிறேன். மாமியும் கொழுந்தனும் செத்தவீடு செய்து முடிப்போம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். எலியாஸ் சார் தான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, “நீ சொன்னதும் இதில வரணும்,” என்றார். அந்த வாரப் பக்கத்தில் வந்தது.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு வாரம் அவர் தந்த வாதம் முந்தைய வாரத்தோடு ஒட்டவில்லை. ஆபீஸில் நான் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். ஒரு தாள் விடுபட்டால் மூக்கில் வேர்த்துவிடும். என்ன பக்கத்தைத் தாண்டினீர்கள் என்று கேட்டேன். மழுப்பினார். விடவில்லை. கணவன் காணாமற்போய், இருக்கிறானா இறந்தானா என்று தெரியாமல், மறுமணமும் முடியாமல் கட்டுண்டு நிற்கும் பெண்களைப் பற்றிய பக்கம் அது. எனக்கு நோகும் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவு படித்த மனிதர், ஒரு வரியைத் தாண்டினாலும் பாவம் என்று நினைக்கிறவர், எனக்காகப் பக்கத்தைத் தாண்டியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“நான் கேட்டனானோ? எனக்காக ஒருத்தரும் புத்தகத்திலை பக்கம் தாண்டத் தேவையில்லை. ஊரெல்லாம் என்னைத் தாண்டித்தான் போகுது. நீங்களுமோ?”

“ஞான் ஒரு மண்டன்,” என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

எந்த வழக்குக்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இந்தப் பெண்ணுக்கு மட்டும் ரபிமார் என்ற யூத குருமார் அதைத் தளர்த்திவிட்டார்கள். கணவன் இறந்தான் என்று சொல்ல ஒரு சாட்சி போதும். அவர் நேரில் பார்த்திராமல் பிறர் சொல்லக் கேட்டிருந்தாலும் போதும். ஆள் யாரென்று தெரியாமல், தூரத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டிருந்தால்கூடப் போதும். அவள் வாழ்நாள் முழுக்கக் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்ற இரக்கம்தான் காரணம் என்று எலியாஸ் சார் விளக்கினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

“இரக்கப்பட்டு என்ரை மனுசனைச் சாக்காட்டினவையோ? அவர் நாளைக்கு வந்து கதவைத் தட்டினால்?”

“அதுக்கு அடுத்த பக்கம் உண்டு. அவங்க அதையும் பயந்தாங்க.”

“பயந்தவை பிறகு ஏன் விட்டவை?”

“மதி, செத்தவனுக்கு வேண்டியல்ல இந்தப் பக்கம். இருக்கிறவளுக்கு.”

அன்று நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும்தான். கடைசியில் அவர் ஒரு வழக்கம் சொன்னார். வாதம் முற்றினால் இருவரும் பக்கம் மாற வேண்டும். எதிராளியின் கட்சியை, அவனே மெச்சும்படி நீ எடுத்துச் சொல்ல வேண்டும். “அடுத்த ஞாயிறு நீ எண்டெ பக்கம். ஞான் உன் பக்கம் நின்னு இல்லைன்னு சொல்லும்.” அதாவது, ஒரு வாய்ச்சொல் போதும், அவர் இறந்துவிட்டார் என்று நான் வாதாட வேண்டும். என்னால் முடியாது என்றேன். “எப்போ முடியுமோ அப்போ,” என்றார். அந்த வாரமே நெஞ்சில் ஏதோ என்று ரூத் அவரை ஊருக்கு அழைத்துப் போனாள். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போதுகூட, “ஒரு வாதம் கடன் உண்டு, மறக்கண்டா,” என்றார். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்ட சொல் அது.

அவர் அடக்கத்தில் துக்கப் பிரார்த்தனை சொல்லப்படவில்லை. அதற்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். எர்ணாகுளத்தில் அன்று அத்தனை பேரைத் திரட்ட முடியவில்லை என்று ரூத் சொல்லி அழுதாள். ஒரு காலத்தில் தெருத் தெருவாக இருந்தவர்களாம். பிறகு, துபாயில் அவர் பக்கத்தை வாசித்த பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் ஒரு ஃப்ளாட்டில் கூடினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். டீ ஷர்ட் போட்ட பையன்கள், கைபேசியில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, தடுக்கித் தடுக்கி அந்தப் பிரார்த்தனையைச் சொன்னார்கள். பொறுமை கிடையாது என்று அவர் சொன்ன பிள்ளைகள்தாம். முடியும்வரை ஒருவரும் உட்காரவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

திரும்பி வரும்போது டாக்ஸியில்தான் எனக்கு அது உறைத்தது. பஸ்ஸில் ரூத்தின் அழைப்பு வந்தபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடலைப் பார்க்கவில்லை, குழியைப் பார்க்கவில்லை. எங்கோ தூரத்திலிருந்து வந்த ஒரே ஒரு குரல். அதை அப்படியே நம்பி, இறங்குவதற்குள் அழுதும் முடித்திருந்தேன்.

அந்த ஞாயிறு காலை, நாங்கள் வழக்கமாக உட்காரும் நேரத்தில், என் அறையில் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்துக்கொண்டே எலியாஸ் சாரின் பக்கத்தை உரக்க வாதாடினேன். ஒரு சாட்சி போதும் என்றேன். கேட்டவன் சொன்னாலும் போதும் என்றேன். அவர் இறந்துவிட்டார், என் கணவர் இறந்துவிட்டார் என்று வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, யாராவது இல்லை என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். சொல்வதாக வாக்குக் கொடுத்தவர் கொச்சி மண்ணில் கிடந்தார். படத்தில் இருந்தவரும் சொல்லவில்லை.

மாலையில் பர்துபாய்க்குப் போய்ப் பூக்கடையில் நின்றேன். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம் போல இருந்தது. முழத்தை அளந்துகொண்டே, “சாமிக்காம்மா, தலைக்கா?” என்று கேட்டார்.

“இரண்டுக்கும் இல்லை தம்பி,” என்றேன். “படத்துக்கு.”

அவர் ஒரு முழம் கூடவே வைத்துக் கட்டித் தந்தார்.

எலியாஸ் சாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வாதத்தில் அவர் பக்கம் வென்றது, மாலை போட்டுவிட்டேன். தோற்ற பக்கத்தையும் அழிக்கக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது, கண்ணாடி முன் நின்று, வழக்கம்போலப் பொட்டு வைத்துக்கொண்டேன்.