அப்பாவுக்கு நான் போட்ட மார்க்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என் அப்பாவுக்கு நான் மார்க் போட்டேன். பத்துக்கு ஒன்று. அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை.

அப்பா ஆட்டோ ஓட்டினார். காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்களைப் பட்டுக்கடை வாசலில் இறக்கிவிட்டுக் கமிஷன் வாங்குவார். எதிரில் இருப்பவருக்குப் பிடித்ததை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிற வாய். அந்த வாயால் "இன்னியோட குடிய விட்டேன்" என்று அம்மாவிடம் எத்தனை முறை சொன்னாரோ! கடைசியில் அம்மா ஆட்டோ சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"இந்த வாட்டியும் ஏமாத்துன, புள்ளைக்கு டி.சி. வாங்கிக்கினு கூரத்துல எங்கம்மா வூட்டுக்கே பூடுவேன்" என்றாள்.

என் பள்ளிக்கூடத்தை விட்டு நான் எங்கும் போவதாக இல்லை.

செவிலிமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், குடியை விட நினைக்கிறவர்களுக்கு வாராவாரம் கூட்டம் நடக்கும். குடும்பத்தையும் அழைத்துவரச் சொன்ன நாளில் மூவரும் டவுன் பஸ்ஸில் போனோம். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டு ஆண்கள், அவரவர் வீட்டார். நடத்திய மேடம் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். குடியை விட வேண்டும் என்ற எண்ணம் பத்துக்கு எத்தனை? பத்து, ஒன்பது, பத்து என்று ஆளாளுக்கு அள்ளி விட்டார்கள். அப்பாவும் "பத்து மேடம்" என்றார், பட்டுக்கடை வாசலில் பேசும் அதே குரலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் அவருடையது, டி.சி. எனக்கா?

"பொய் மேடம்! ஒண்ணுதான் போடணும்" என்று எழுந்து கத்தினேன். அம்மா தொடையில் கிள்ளினாள். நான் உட்காரவில்லை.

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா, ஏன் ஒண்ணு? முட்டையே போட்டிருக்கலாமே?" என்றார்.

திட்ட எழுந்தவளை நல்லது சொல்ல வைத்துவிட்டார். "சபரிமலைக்கு மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொடவே மாட்டாரு. கழட்டுன அன்னிக்கே ஆரம்பிச்சுடுவாரு" என்றேன். ஆண்கள் சிரித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் அதே கதை போலிருக்கிறது.

"அந்த நாப்பத்தெட்டு நாள் மட்டும் எப்படி முடியுது?" என்று மேடம் அப்பாவைக் கேட்டார்.

இப்போது அப்பாவுக்குப் பட்டுக்கடைக் குரல் வரவில்லை. "அப்ப எல்லாரும் சாமின்னு கூப்புடுவாங்க மேடம். இவகூட" என்று என்னைக் காட்டினார். "கழட்டிட்டா பழைய ஆளுதான். அந்த ஆள எனக்கே புடிக்கல." பிறகு மேடம் பக்கம் திரும்பினார். "பத்தெல்லாம் இல்ல மேடம். ரெண்டு போட்டுக்குங்க."

ஜெயித்துவிட்ட பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். மார்க் குறைந்த வருத்தம் என்றே நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா பெண்கள் பக்கம் போகாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள். இரண்டு மார்க் வாங்கியவருக்கு இந்த மரியாதையா என்று நான் போகவில்லை. வீடு வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரையும் முறைத்தபடி நின்றேன். பத்து, பத்து என்று அவர் அளந்துகொண்டிருந்த அத்தனை வருஷங்களில் அம்மா ஒருநாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.