முத்தலிப்பின் ஒன்றரை நிமிட நேரலை

மருதமுனை முத்தலிப் பல் துலக்கும்போதுகூடக் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் துலக்குவார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். பல் துலக்கும்போது அதைக் கிணற்றுக்கட்டில்தான் வைப்பார், கை எட்டும் தூரத்தில். கல்யாண வீடியோ எடுப்பதில் தொடங்கி, கொழும்பிலுள்ள ஒரு தொலைக்காட்சிக்கு அம்பாறைக் கரையோரச் செய்தியாளராகி இருபத்திரண்டு வருடம். இத்தனை வருடத்தில் அவர் அனுப்பியதில் கால்வாசி வெளியே வந்திருந்தாலே கல்முனையை உலகத் தலைநகரங்களோடு சேர்த்து எண்ணியிருப்பார்கள். இறக்காமத்தில் ஒரு காட்டு யானை வயலுக்குள் நின்று அவருக்கு மூன்று மணி நேரம் முகம் காட்டியது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, காதை விரித்து ஒன்று, மடக்கி ஒன்று. டீவியில் வந்தது வால் மட்டும். அன்றிலிருந்து அந்த யானை அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நம்பாதவர்கள் இறக்காமத்துக்குப் போய் யானையிடமே கேட்கலாம்.

கட்டாரில் உலகக்கிண்ணம் நடந்த அந்த மார்கழியில் மழை விட்டபாடில்லை. கடல் மணலை வாரிவந்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. கடலுக்குப் போக வழியில்லாத தண்ணீர் திரும்பி வந்து நாவிதன்வெளிப் பக்கத்து வயல்வெளியில் ஏறி நின்றது. பெரும்போகத்துக்கு விதைத்து ஒரு சாண் வளர்ந்த பயிர் முழுவதும் தண்ணீருக்குள். பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து மணலை வெட்டிவிட்டால் ஒரே நாளில் வடிந்துவிடும். வெட்டுவதற்கோ அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் ஓர் அலுவலக மேசையில் கையெழுத்துக்காகப் படுத்துக் கிடந்தது. அந்த வெள்ளத்துக்குள் முத்தலிப்பின் மூத்த சகோதரி, றபீக்கா ராத்தாவின் நாலு ஏக்கரும் கிடந்தது. கணவர் மௌத்தான பிறகு தானே இறங்கிச் செய்யும் வயல்.

வியாழக்கிழமை முந்நூறு பேர் கல்முனைச் சந்தியில் ஆர்ப்பாட்டத்துக்குக் கூடினார்கள். வயல் தண்ணீர் விவகாரமெல்லாம் பார்க்கும் வட்டவிதானை வேலப்போடி முன்னுக்கு நின்றார். வந்தவர்களில் பாதிப்பேர் ஆர்ஜென்டினா ஜேர்சியிலும் மீதிப்பேர் பிரேசில் ஜேர்சியிலும் நின்றார்கள். பந்துப் பைத்தியம் ஒரு காரணம்தான். ஆனால் அந்தத் துணி பிழிந்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதுதான் பெரிய காரணம். மழைக்குள் வயலுக்கு இறங்குகிறவர்களுக்கு அந்த வருடம் அதைவிட நல்ல உடுப்பு கிடைக்கவில்லை. றபீக்காவும் அபாயாவுக்கு மேலே நீளக்கை வைத்த ஆர்ஜென்டினா ஒன்றை மாட்டியிருந்தார்.

முத்தலிப் மழைக்குள் நின்று எல்லாவற்றையும் படம்பிடித்தார். "ஏழு மணிச் செய்தியில வரும், கட்டாயம் வரும்" என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்.

வந்தது. றபீக்காவின் வீட்டில் நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். "கிழக்கில் உலகக்கிண்ணக் காய்ச்சல்! மழையையும் பொருட்படுத்தாமல் வீதிக்கு இறங்கிய இரசிகர்கள்!" முந்நூறு பேரின் கோஷத்துக்கும் மேலே கொட்டு முழங்க ஒரு பாட்டு. கையை உயர்த்திக் கத்தும் வேலப்போடியை மெதுவாக ஓடவிட்டு, மிகவும் அழகாகக் காட்டினார்கள்.

"தம்பி முத்தலிப்பு, நான் முகத்துவாரத்த வெட்டு எண்டெல்லோ கத்தினன்?" என்றார் வேலப்போடி. "இதில நான் கோல் எண்டு கத்துறன்!"

"எவண்டா தம்பி இந்தப் பாட்டப் போட்டவன்?" என்று கேட்டார் றபீக்கா.

"கொழும்பில ராத்தா."

"அவன் சோறு தின்னுறல்லயா?"

முத்தலிப் முற்றத்துக்குப் போய்ச் செய்திமேசைப் பொறுப்பாளர் ஸஹீதுக்கு அழைப்பெடுத்தார்.

"சேர், அது ஆர்ப்பாட்டம். நான் விபரமெல்லாம் எழுதி அனுப்பினேனே."

"வாசிச்சன் முத்தலிப். ஆனா இந்தக் கிழமை ஆர்ப்பாட்டத்துக்கு இடமில்ல. சனம் சந்தோசமா இரிக்கிற நேரம்."

"கட்டார்ல ஜெர்மன்காரன் பதினொரு பேர் மேட்ச்சுக்கு முன்னால எதிர்ப்புக் காட்ட வாயப் பொத்திக்கிட்டு நின்டதுக்கு ரெண்டு நாள் செய்தி போட்டீங்க சேர். இஞ்ச முந்நூறு பேர் வாயத் திறந்து கத்தினதுக்குப் பாட்டப் போட்டு மூடிட்டீங்களே?"

"அது சர்வதேசம், முத்தலிப்" என்றார் ஸஹீத். பிறகு குரலில் தேன் ஊற்றிக்கொண்டார். "ஒங்கட ஊருச் சனம் நல்லாப் பிடிச்சிட்டு. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். அஞ்சரைக்கு விசேஷ நிகழ்ச்சி. அதே ஆக்கள வெச்சு ஒரு லைவ் தாங்க."

முத்தலிப் யோசித்தார். பொய் சொல்லிப் பிழைக்கும் ஆளில்லை அவர். யானைக் கதை வேறு கணக்கு.

"சேர், அவங்க விவசாயிகள்."

"விவசாயி பந்து பாக்கமாட்டானா?"

"பாப்பான் சேர்."

"மறுகா என்ன? பின்னணியில என்ன தெரியும்?"

"தண்ணி சேர்."

"கடலா?"

"வயல் சேர்."

"இன்னும் வடிவு!" என்று ஸஹீத் தொலைபேசியை வைத்தார்.

உள்ளே வந்து சொன்னதும் வேலப்போடிக்குக் கோபம் வந்தது. "இன்னொருக்கா எங்கள ஆட வைக்கப் போறியளா? பயிர் இண்டைக்கு அஞ்சு நாளாத் தண்ணிக்குள்ள. ஞாயிற்றுக்கிழமை எட்டாகிரும். அதுக்கு மேல நிண்டா வேர் அழுகிரும் தம்பி."

றபீக்கா மட்டும் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைவ் எண்டா பாட்டுப் போட ஏலாதுதானே?"

"ஏலா ராத்தா. ஆனா அவங்களுக்குப் பிடிக்கல்லண்டா வெட்டிருவாங்க. மறுகா என்ர வேலையையும் வெட்டிருவாங்க."

"ஒனக்குக் கல்யாண வீடியோ இரிக்கி. எனக்கு இந்த வயல்தான் இரிக்கி" என்றார் றபீக்கா. பிறகு வீட்டில் கூடியிருந்தவர்களைப் பார்த்து, "ஒருத்தரும் அந்த ஜேர்சியக் கழட்டாதங்க" என்றார்.

ஞாயிறு ஐந்தரைக்கு மழை விட்டிருந்தது. வயல் வரம்பில் ஐம்பது ஜேர்சிகள் வரிசையாக நின்றன. வரம்பு என்றால் அன்றைக்கு அது ஒரு கோடு மட்டும்தான், இருபக்கமும் தண்ணீர். முத்தலிப் தொலைபேசியைத் தாங்கியில் பொருத்தினார். அறிவிப்பாளர் அம்ஹா கொழும்பிலிருந்து சிரித்தபடி கேட்டாள்:

"அம்மா, நீங்க ஆர்ஜென்டினாவா, பிரான்ஸா?"

"ஆர்ஜென்டினாதான் மகள். அந்தப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட ஒரு மைதானம் இரிக்கி. எங்கட மைதானத்தையும் ஒருக்காப் பாருங்க" என்றார் றபீக்கா. மறு வார்த்தை இல்லை, வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குனிந்து, மூழ்கியிருந்த பயிரில் ஒரு கைப்பிடியைப் பிடுங்கி உயர்த்தினார். நுனி மஞ்சளித்துத் தலை தொங்கியது.

அவருக்குப் பின்னால் வேலப்போடி இறங்கினார். அவருக்குப் பின்னால் பிரேசில், ஆர்ஜென்டினா, பிரேசில். ஐம்பது பேரும் வாய் திறக்கவில்லை. தண்ணீருக்குள் கால் வைக்கும் சத்தம் மட்டும் நாடு முழுக்கக் கேட்டது.

முத்தலிப்பின் இன்னொரு தொலைபேசி காற்சட்டைப் பைக்குள் துடிக்கத் தொடங்கியது. ஸஹீத்தான். முத்தலிப் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் தாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

அம்ஹாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா இப்படி நிக்குது?"

"எட்டு நாள்" என்றார் வேலப்போடி.

"வடிய வைக்க என்ன செய்யணும்?"

"முகத்துவாரத்து மணல வெட்டணும் பிள்ள. கடிதத்தில ஒரு கையெழுத்து. பேனை இல்லையெண்டா நாங்க கொண்டுபோய்க் குடுக்கிறம்."

அம்ஹா சிரித்தாள். அவள் பின்னால் நின்ற யாரோ ஒருவரும் சிரித்தார். அத்தோடு திரை வெட்டுப்பட்டு விளம்பரம் வந்தது. ஒன்றரை நிமிடம்.

நாடு முழுவதும் டீவிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம் அது. கையெழுத்துப் போடவேண்டியவரும் எங்கோ உட்கார்ந்துதான் இருந்தார். பந்து உருளுவதற்கு முன்பே வேலப்போடிக்கு அழைப்பு வந்தது. அலுவலகச் சாவி, முத்திரை, பேனை எல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைத்தன. மறுநாள் காலையில் பெக்கோ மணலுக்குள் கையை விட்டது. மூன்றாவது வாளியில் தண்ணீர் தானே வழி பிடித்தது. போன வேகத்தில் ஒரு மாட்டையும் ஒரு சைக்கிளையும் கட்டார்வரை கொண்டுபோய் விட்டுவந்தது என்று முத்தலிப் சொல்வார். சைக்கிள் மட்டும் உண்மை.

அன்றிரவு ஏழு மணிச் செய்தியில் பெக்கோ வந்தது, பத்து விநாடி. "அதிகாரிகளின் துரித நடவடிக்கையால் வயல்கள் காப்பாற்றப்பட்டன." ஸஹீத் ஒரேயொரு வரி அனுப்பியிருந்தார்: இனி லைவ் வேண்டாம், வீடியோ மட்டும் அனுப்பவும்.

செவ்வாய்க்கிழமை முத்தலிப் ஓடிப்போய் வரம்பில் நின்று கொதித்தார். "பாத்தீங்களா ராத்தா? அவங்கதான் காப்பாத்தினாங்களாம்!"

றபீக்கா சேற்றுக்குள் குனிந்து நின்றார். நாலு ஏக்கரில் மூன்று தலை நிமிர்ந்திருந்தது. செத்த இடங்களில் நெருக்கமான பக்கத்துப் பயிரைப் பிடுங்கி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அவங்க காப்பாத்தினதெண்டே இரிக்கட்டும்" என்றார் நிமிராமல். "அந்தக் கமராவ மேட்டில வெச்சிட்டு இறங்கு தம்பி. நடுறதுக்கு ஆள் காணா."