மண்டாய் மேட்டில் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, சிங்கப்பூரின் மண்டாய் மேட்டில் என் சைக்கிளின் முன் கியர் இறுகிப்போனது. இறுக்கியவர் என் அக்கா வீட்டுக்காரர்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான். எதையும் படித்துப் பார்த்துச் செய்துதான் பழக்கம். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, முன் கியரின் கேபிளை நானே மாற்றினேன். அந்தக் கேபிள் கைப்பிடியிலிருந்து இறங்கி, பெடல் அச்சுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பள்ளத்தில் வழுக்கி ஓடி, மேலேறிச் சங்கிலியை நகர்த்தும் தகட்டைப் பிடிக்கும். பள்ளத்தில் தூசிகூட இருக்கக்கூடாது. துடைத்து, இழுத்து, போல்ட்டின் சரியான பக்கத்தில் மாட்டி முறுக்கினேன். லீவரில் விரல் பட்டாலே கியர் மாறியது.

இத்தனையும் அலுவலகத்துச் சைக்கிள் கூட்டத்துக்காக. ஒரே நிறச் சட்டை, கார் விலையில் சைக்கிள், மதியச் சாப்பாட்டில் ஓயாத மேட்டுப் பேச்சு. மேட்டில் இறங்கித் தள்ளுகிறவனுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்று ஒரு விதி வேறு. அப்படிப்பட்டவர்களோடு சேர நான் ஆசைப்பட்டேன். என்ன சொல்ல!

பூஜையன்று ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு அத்தான் தேக்காச் சந்தையில் வாங்கிய மாலையும் கிண்ணம் நிறையச் சந்தனமுமாக வந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. அடுத்தவர் வண்டிக்குப் பூசுவதென்றால் கை நீளும்.

"கீழ வேணாம் அத்தான், அங்க கேபிள் ஓடுது."

"படிச்சிட்டா சாமிக்கே பாடம் எடுப்பியா? தள்ளு லா."

அம்மா கூப்பிட்டார் என்று சுண்டல் எடுக்க உள்ளே போனேன். திரும்பியபோது சைக்கிள் மாலையோடு நின்றது. அடியில் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் கூட்டத்தோடு முதல்முறையாக ஓட்டிப் போனபோது, மேட்டுப் பாதியில் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்ற லீவரைத் தட்டினேன். சங்கிலி அசையவில்லை. பெரியதிலேயே மிதித்து மிதித்துக் கால் நடுங்கி, கடைசியில் இறங்கினேன். சைக்கிளைக் கவிழ்த்தால், பள்ளம் முழுக்கச் சந்தனம். கேபிளோடு சேர்த்துச் சுண்ணாம்புபோலக் காய்ந்திருந்தது.

முன்னால் போன கூட்டத் தலைவர், எங்கள் பிரிவின் சீனியர், திரும்பிப் பார்த்தார்.

"என்னடா தம்பி, அபிஷேகமா? இறங்கிட்டல்ல, ரூல் ரூல்தான் லா."

நிற்கவில்லை. உதவவும் இல்லை. கவிழ்ந்து கிடக்கும் சைக்கிளில் எது கேபிள், எது சங்கிலி என்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். அவர் டயருக்குக் காற்றடிப்பதும் கடைக்காரர்தான்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, நகத்தால் சுரண்டி, கேபிளைப் பலமுறை இழுத்துவிட்டேன். கியர் இறங்கியது. ஏறி மிதித்து உச்சிக்குப் போனேன். அவர்கள் சைக்கிள்களைச் சாய்த்து வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா! நல்லதாப் போச்சு. குரூப் போட்டோ, நீ எடு. நீதான் இதுல இல்லியே."

தலைவர் நீட்டிய போனை வாங்கினேன். சைக்கிள்கள் எல்லாம் தெளிவாக விழும்படி எடுத்தேன். தலைகளுக்கு இடமில்லாமல் போனது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டவர் படத்தைத் திறந்து பார்ப்பதற்குள் நான் இறக்கத்தில் இருந்தேன்.