இன்னும் ஒரே ஒரு சீசன்

தலையில் பந்தை வாங்கி வலைக்குள் போடுவதில் வென்டெல் சுகிச்சை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஸ்லொவேனியா நாட்டுச் சட்டையைப் பன்னிரண்டு முறை போட்டவன். கொட்டுகிற மழையில் நாட்டுக்காக அவன் அடித்த ஒரே கோலை எங்கள் ஊர் மதுக்கடையில் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாக நடித்துக் காட்டுவார்கள்.

அந்தக் கோல் விழுந்த நேரத்தில் அவன் மனைவி இலோன்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் இருந்தாள். பந்து உள்ளே போனதும் பாவி மனுஷன் முதலில் திரும்பிப் பார்த்தது ஆட்டக்காரர்களின் மனைவிமார் உட்காரும் வரிசையைத்தான். அவளுக்கென்று ஒதுக்கி வைத்த நாற்காலி காலியாக நனைந்துகொண்டிருந்தது.

பிறகு ஆஸ்திரியா, சைப்ரஸ், கிரீஸ் என்று காசுக்கு ஆடப் போன இடத்திலிருந்தெல்லாம் ஒவ்வொரு மே மாதமும், சீசன் முடிகையில், போன் பண்ணுவான். "இன்னும் ஒரே ஒரு சீசன், இலோன்கா. அப்புறம் வந்துடறேன்." அவளும் எத்தனை மே மாதத்தைத்தான் பொறுப்பாள்? முழங்கால் போய், பேர் போய், அவன் ஒருவழியாக வீட்டுக் கதவைத் திறந்தபோது அவள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தாள். விவாகரத்து என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் மோதிரத்தைக் கழற்றவும் இல்லை. மூரா ஆற்றுக் கரையில் அரசாங்கத்துக்குப் புல் வெட்டிக்கொண்டு, அவள் வந்துவிடுவாள் என்று கிடந்தான். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த முட்டாள்தனத்தில்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்த் திருவிழா ஞாயிறன்று, பூசை முடிந்ததும், கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் பந்தாட்டம் நடக்கும். தோற்றவர்கள், விருந்துக்குப் போக்ராச் என்கிற இறைச்சிக் குழம்பு வெந்த அண்டாவைத் தேய்க்க வேண்டும். ஊர் திரும்பியதிலிருந்து வென்டெல் அதில் ஆடியதே இல்லை. கேட்டால் முழங்காலைத் தடவிக் காட்டுவான். முழங்காலாவது மண்ணாவது! எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் அவன் சங்கடம்.

இந்த வருஷம் இலோன்கா வந்திருந்தாள். பூசையில் கடைசி பெஞ்சில் அவளைப் பார்த்தவன், வீட்டுக்கு ஓடிப் பழைய பூட்ஸைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மைதானத்தில் வந்து நின்றான். இன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவது என்று முடிவே கட்டிவிட்டான்.

கல்யாணமானவர்களின் கோல்கீப்பர் கேசா கத்தினான். "டேய், இவன் எங்க ஆளு!"

"என்ன உங்க ஆளு? தனியா சமைச்சு தனியா திங்கறவன் எங்க கூட்டம்" என்றான் எதிரணியில் ஒரு பிரம்மச்சாரி.

"அவன் சமையலைத் தின்னு பாத்திருக்கியா? அவ்வளவு சோகம் கல்யாணமானவன் கைக்குத்தான் வரும்."

சண்டை முற்றியது. நடுவராக நின்ற பங்குச் சாமியார், சும்மா இருக்காமல், கோட்டுக்கு வெளியே நின்ற இலோன்காவிடம் கேட்டுவிட்டார். "நீயே சொல்லும்மா. இவன் எந்தப் பக்கம்?"

வென்டெல் தன் பூட்ஸ் லேஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு வரைக்கும் கல்யாணமானவன்தான், சாமி."

ஒரே ஆரவாரம். கேசா அவனைத் தூக்கிச் சுற்றினான். அந்த 'இன்னைக்கு வரைக்கும்' வென்டெல் காதில் மட்டும் தங்கிவிட்டது. அதை மறக்கத்தான் முதல் பாதி முழுக்க ஓடினான்.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலோடு அவளே வந்தாள்.

"வென்டெல், நான் அங்க ஒருத்தரோட இருக்கேன். நல்ல மனுஷன். நாளைக்கு நோட்டரிகிட்ட போய் கையெழுத்துப் போட்டு நம்ம கல்யாணத்த முடிச்சுக்கலாமா? போன்ல சொல்ல மனசு வரல. போன்ல பேசினது போதும் நமக்கு."

"நாளைக்கேவா?"

"ம்."

"சரி" என்றான். வேறென்ன சொல்வான்? பாட்டிலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

இரண்டாம் பாதியில் அவன் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டம் முடியப்போகும் சமயம், தூரத்துக் கோல் கம்பத்தருகே, யாருமே எதிர்பாராத இடத்தில் எழும்பித் தலையால் ஒரே இடி. மூன்றுக்கு இரண்டு! உடனே திரும்பிப் பார்த்தான். கோட்டருகே அவள் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். ஆயுள் முழுக்க ஏங்கினான் அந்த ஒரு காட்சிக்கு. அது வந்து வாய்த்த நேரத்தைப் பாருங்கள்.

சாமியார் கடிகாரத்தைப் பார்த்து விசிலை வாயில் வைத்தார். வென்டெல் நொண்டிக்கொண்டே ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"ஊதாதீங்க சாமி. இன்னும் அஞ்சு நிமிஷம்."

கேசா தலையில் அடித்துக்கொண்டான். "அட மடையா, ஜெயிக்கிறதே நாமதான்டா!" மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது.

"தெரியும்டா. அஞ்சே அஞ்சு நிமிஷம் சாமி. அப்புறம் போயிடறேன்."

இலோன்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் போனில் அந்தக் கெஞ்சலைக் கேட்டவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க சாமி, ஆடட்டும்" என்றாள்.

சாமியார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். வென்டெல் மோதிரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தைப் பார்த்து ஓடினான்.