அண்ணனின் பட்டினி மீன்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் மகா கஞ்சன். ஏதாவது கேட்டால் ‘உம்’ என்பார். விடாமல் கேட்டால் இரண்டு ‘உம்’. வேலை விட்டு வந்ததும் பின்னறைக் கண்ணாடித் தொட்டியின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அதில் ஆப்பிரிக்க ஏரி மீன் ஒரு ஜோடி. ஆண் நல்ல நீலம், பெண் மங்கல் பழுப்பு. அவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்க நாலு வருஷமாகப் படாத பாடு பட்டார். தண்ணீரை மாற்றினார், கல்லை அடுக்கினார், விளக்கைக் குறைத்தார். ஒருநாள் ஆண் மீன் செத்து மிதந்தது. மறுநாளே குடலிறக்க ஆபரேஷனுக்கு அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது.

“காலையில ஒரு சிட்டிகை தீனி போடு. வேற எதையும் தொடாதே.” அவ்வளவுதான் சொன்னார்.

என் கை சும்மா இருக்குமா? பெண் மீன் தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கன்னம் உப்பியிருந்தது. எதையோ மென்றுகொண்டே இருந்தது. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அதைப் பிடித்து, தீக்குச்சியால் மெல்ல வாயைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் உருண்டைகள். அசல் தீனி உருண்டை மாதிரியே! தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வாஷ்பேசினில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

சாயங்காலமே மீன் தீனியைக் கொத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் வந்ததும் வாசலிலேயே எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன்.

தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி அவர் செருப்பைக் கழற்றினார். “நல்லா சாப்பிடுதா?”

“வெளுத்துக் கட்டுதுண்ணா!”

“உம்.”

ஆறு மாதம் கழித்துத் தீனி வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்னார்: “உங்க அண்ணனுக்குக் குடுத்து வைக்கலம்மா. அந்த ஜாதி மீன் முட்டைய வாய்க்குள்ளயே வச்சு அடைகாக்கும். மூணு வாரம் பெரும்பாலும் எதையும் தின்னாது. ஆண் போனாலும் இந்தக் குஞ்சுங்க போதும்னு ஆசையா இருந்தார். கடைசியில அதுவே முழுங்கிடுச்சாமே?”

முழுங்கியதா! அண்ணன் ஊரில் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டுக்கு ஓடினேன்.

“ஏண்ணா சொல்லல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே!”

அண்ணன் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. நான்தான் போறப்ப சொல்லிட்டுப் போயிருக்கணும்.”

அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அந்த மீன் இன்னும் இருக்கிறது. என்னைக் கண்டால் தீனிக்கு ஓடி வருகிறது. நான் போட்டுவிட்டு, அது சாப்பிடுவதைப் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.