தொட்டால் தொட்டதுதான்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மயிலாப்பூர் பூங்காவில் நான் செஸ் ஆடுவது ஒருவரோடு மட்டும்தான். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மிகவும் மூத்தவர். நான் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் ஓட்டுகிறேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தவறாமல் வந்து பார்த்தவர் அவர். நண்பர்தான்.

ஆனால் பலகை முன் உட்கார்ந்தால் வேறு ஆள். நான் ஒரு காய்மேல் விரல் வைத்துவிட்டால் "தொட்டா தொட்டதுதான்" என்பார். அவரே தப்பாக ஆடினால், "இருப்பா, கை தவறிடுத்து" என்று காயைத் திரும்ப எடுத்துக்கொள்வார். எதிர்த்துக் கேட்க எனக்குச் சட்டென்று வாய் வராது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவருடைய ராணி என் குதிரையிடம் வந்து மாட்டியது. வெட்டப் போனேன். ராணியைத் தூக்கிக்கொண்டார்.

"சார், வெச்சுட்டீங்களே" என்று முனகினேன்.

சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "அஞ்சாங்கிளாஸோட நின்னவன் எனக்கு ரூல் சொல்றான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் இன்னும் எரிகிறது.

அவருக்கு எழுபது நிறைந்தது. பரிசு வாங்க தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். ஒரு பெரியவருக்கு செஸ் சாஃப்ட்வேர் வேண்டும் என்றதும் கடைக்காரர் ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"பெரியவருக்கா? இது சோக்கா கீது சார். தப்பா ஆடினா ஒரு பட்டன், காய் பழைய இடத்துக்கே வந்துரும்."

"வராத மாதிரி இருக்கா?"

"இன்னா சார், அது போட்டிக்குப் போறவங்க வாங்கறது. தொட்ட காயை ஆடியே ஆவணும். பெரியவர் அழுதுருவாரு."

"அதையே குடுங்க. மாத்த முடியாதபடி பூட்டு போடலாமா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பாஸ்வேர்டு நீயே சொல்லு நைனா."

"அஞ்சாங்கிளாஸ்" என்றேன்.

அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பரிசைப் போட்டுக் கொடுத்தபோது அவர் என்னைக் கட்டிக்கொண்டார். நான் இளகவில்லை.

அடுத்த சில வாரங்கள் அவர் பூங்காவுக்கு வரவில்லை. பிறகு போன் செய்தார்.

"நீ குடுத்த செஸ்ஸுக்கு மரியாதையே தெரியலப்பா. மவுஸ் பட்டாலே ஆடச் சொல்றது. மாத்தலாம்னா பாஸ்வேர்டு கேக்கறது. கடைக்காரன்கிட்ட கேட்டுச் சொல்லேன்."

"கேக்கறேன் சார்."

அந்த ஞாயிறு வந்தார். கொஞ்சம் வாடியிருந்தார். ஆட்டம் பாதியில், ராணியை வைத்துக் கையை எடுத்த பிறகுதான் என் யானையைக் கவனித்தார். கை மறுபடி ராணியிடம் போனது.

"இருப்பா, கை..."

"தொட்டா தொட்டதுதான் சார்."

நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது. வழக்கமாக நின்று பார்க்கும் பித்தான் கடை பாய், "வெச்சாச்சே சார். மேனேஜருக்குத் தனி ரூலா?" என்றார். இந்த முறை எல்லாரும் சிரித்தது அவரைப் பார்த்து. அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் ராணியை வெட்டி, அவர் பார்க்கும்படி பலகை ஓரத்தில் நிறுத்தினேன்.

தோற்ற பிறகு மெதுவாகக் கேட்டார், "கடைக்காரன்கிட்ட கேட்டியோ?"

"கேட்டேன் சார். அவருக்கே மறந்துபோச்சாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கினேன்.